ஹெல்மில் கீகிளோக்: நீக்கிவிட்டு மறுபடி போட்டதும் கடவுச்சொல் தவறு என்கிறது

#1 நொய்யல்கரை

வணக்கம். இரண்டு நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், யாராவது கை கொடுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் உள்வேலைக்கு மட்டும் 11 செயலிகள். ஒவ்வொன்றுக்கும் தனி லாகின். ஒருவர் வேலையை விட்டுப் போனால் 11 இடத்தில் அவர் பெயரை எடுக்க வேண்டும். போன மாதம் ஒன்றை மறந்துவிட்டோம். அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே வாசலாகக் கீகிளோக் என்ற லாகின் மென்பொருளைப் போடலாம் என்று முடிவாகி, வேலை என் தலையில் விழுந்தது.

செயலிகளைப் பல கணினிகளில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் குபர்னெட்டிஸ் கிளஸ்டர் ஏற்கெனவே ஓடுகிறது, 3 நோடு (கணினி). அதில் மென்பொருளை நிறுவும் கருவி ஹெல்ம்; தேடியதில் கிடைத்த ஒரு ஹெல்ம் சார்ட்டை (நிறுவல் பொதி) எடுத்தேன். அதற்கு வேண்டிய டேட்டாபேஸான போஸ்ட்கிரஸும் அதற்குள்ளேயே சேர்ந்து வந்தது. ஒரே கட்டளை, ஒரு டீ குடித்து வருவதற்குள் லாகின் பக்கம் வந்துவிட்டது. கூட வேலை பார்ப்பவர் அன்று மாலையே உட்கார்ந்து 40 பேரை உள்ளே சேர்த்தும் முடித்தார்.

அதற்குப் பிறகுதான் வினை. சார்ட்டின் அமைப்புகள் இருக்கும் வேல்யூஸ் ஃபைலில் ஏதோ மாற்றி அப்கிரேட் கொடுத்தேன், பிழை வந்தது. சரி, சுத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவோம் என்று அன்இன்ஸ்டால் செய்து, மறுபடி இன்ஸ்டால் செய்தேன். இப்போது கீகிளோக் பாட் (அது ஓடும் கன்டெய்னர்) எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. டேட்டாபேஸ் பயனரின் கடவுச்சொல் தவறு என்று லாக் சொல்கிறது. நான் எந்தக் கடவுச்சொல்லையும் தொடவில்லை, சார்ட்தான் தானாக ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. போஸ்ட்கிரஸ் பாட் பச்சையாக ஜம்மென்று நிற்கிறது. என்ன நடக்கிறது இங்கே?

#2 பழைய_சர்வர்

தம்பி, அன்இன்ஸ்டால் செய்தபோது பிவிசியையும் (டேட்டா இருக்கும் நிரந்தர டிஸ்க்குக்கான கோரிக்கை) அழித்தீர்களா? கெட்-பிவிசி போட்டுப் பாருங்கள். அழிக்கவில்லை என்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது.

#3 நொய்யல்கரை

8 ஜிபியில் ஒன்று இருக்கிறது அண்ணா. வயது 6 நாள் என்று காட்டுகிறது. அப்படியென்றால் முதல் தடவை போட்டதேவா?! ஹெல்ம் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்றல்லவா நினைத்தேன். அழித்துவிடட்டுமா?

#4 மூன்றாம்_ஷிப்ட்

கையை எடுங்கள்! அந்த 40 பேரும் அதற்குள்தான் இருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். முதல் தடவை சார்ட் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கிச் சீக்ரெட்டில் (குபர்னெட்டிஸ் ரகசியங்களை வைக்கும் பொருள்) வைத்தது. போஸ்ட்கிரஸ் காலியான டிஸ்க்கைப் பார்த்ததும் அதே கடவுச்சொல்லோடு தன் டேட்டாபேஸை அமைத்துக்கொண்டது. நீங்கள் அன்இன்ஸ்டால் செய்தபோது ஹெல்ம் தான் உருவாக்கிய சீக்ரெட்டை அழித்தது. ஆனால் ஸ்டேட்ஃபுல்செட்டின் (டேட்டா வைத்திருக்கும் பாடுகளை நடத்தும் பொருள்) வார்ப்புருவிலிருந்து பிறந்த பிவிசி ஹெல்மின் கணக்கிலேயே வராது, அது அப்படியே நிற்கும். இரண்டாவது தடவை புதுச் சீக்ரெட், புதுக் கடவுச்சொல். போஸ்ட்கிரஸோ டிஸ்க்கில் ஏற்கெனவே டேட்டா இருப்பதைப் பார்த்து, சூழல் மாறியில் வந்த கடவுச்சொல்லைச் சட்டை செய்யாமல் பழையதோடே எழுந்துவிட்டது. பூட்டு பழையது, சாவி புதியது. பாட் பச்சையாக இருப்பதை நம்பாதீர்கள். அந்த ஆரோக்கியச் சோதனை சர்வர் பதில் சொல்கிறதா என்று மட்டும் கேட்கும், கடவுச்சொல்லைக் கேட்காது.

மீட்பது கடினமில்லை. முதலில் டிஸ்க்குக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். பிறகு போஸ்ட்கிரஸ் பாடுக்குள் போய், யார் எப்படி உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ ஃபைலில் லோக்கல் சாக்கெட் வரியை மட்டும் தற்காலிகமாக டிரஸ்ட் (கடவுச்சொல் கேட்காதே) என்று மாற்றி ரீலோட் செய்யுங்கள். லோக்கல் வரி மட்டும்! நெட்வொர்க் வரியைத் திறந்துவிட்டால் கிளஸ்டரில் இருக்கும் எவரும் உள்ளே வரலாம். அதிகாரப்பூர்வ போஸ்ட்கிரஸ் இமேஜ் என்றால் அந்த வரி ஏற்கெனவே டிரஸ்டாகவே இருக்கும், மாற்றவே வேண்டாம். உள்ளே போனதும் முதல் வேலை பிஜி_டம்ப், அதாவது டேட்டாபேஸுக்கு ஒரு நகல். இரண்டாவது வேலை, ஆல்டர் யூசர் போட்டு, இப்போதைய சீக்ரெட்டில் இருக்கும் கடவுச்சொல்லை அந்தப் பயனருக்கு வைப்பது. மூன்றாவது, டிரஸ்ட்டைப் பழையபடி மாற்றுவது. இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

#5 நொய்யல்கரை

வந்துவிட்டது!! 40 பேரும் இருக்கிறார்கள். டம்ப்பை மடிக்கணினியிலும் ஒரு நகல் போட்டுவிட்டேன். நன்றி அண்ணா.

#6 மூன்றாம்_ஷிப்ட்

அக்கா.

அந்த நகலை மடிக்கணினியிலிருந்து எடுத்துவிடுங்கள். 40 பேரின் கடவுச்சொல் ஹாஷ், ரியல்மின் (கீகிளோக்கில் பயனர்கள் இருக்கும் தனிப் பகுதி) கையெழுத்துச் சாவி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்தச் சாவி கையில் இருந்தால் யார் பெயரில் வேண்டுமானாலும் டோக்கன் (உள்ளே விடும் சீட்டு) அச்சடிக்கலாம்.

#7 நொய்யல்கரை

மன்னிக்கவும் அக்கா. எடுத்துவிட்டேன்.

அடுத்த தலைவலி. லாகின் பக்கம் வருகிறது, ஆனால் அட்மின் கன்சோல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, திறக்கவில்லை. பக்கம் எச்டிடிபிஎஸ், அது கேட்கும் ஃபைல்கள் வெறும் எச்டிடிபி என்று பிரவுசர் திட்டுகிறது. இணையத்தில் சொன்னபடி ப்ராக்ஸி மாறிக்கு எட்ஜ் என்று கொடுத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. நான் போட்டது 26ஆம் பதிப்பு.

#8 பழைய_சர்வர்

கீகிளோக்கில் இணையக் கட்டுரையைப் படிக்கும் முன் அது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பாதி நாள் போய்விடும்.

2022 பிப்ரவரியில் வந்த 17ஆம் பதிப்பில் அடித்தளமாக இருந்த வைல்ட்ஃபிளையை விட்டுக் குவார்கஸுக்கு மாறினார்கள். முகவரியில் இருந்த ஆத் என்ற வால் அப்போதுதான் போனது. அதற்கு முந்தைய கட்டுரையில் உள்ள முகவரிகளை அப்படியே வைத்தால் 404தான் வரும். நீங்கள் வைத்த எட்ஜ் 24இலேயே கைவிடப்பட்டது. இப்போது ப்ராக்ஸி-ஹெடர்ஸ் என்ற அமைப்புக்கு எக்ஸ்ஃபார்வர்டட் என்று கொடுக்க வேண்டும். ஹோஸ்ட்நேம் அமைப்பும் 25இல் புது வடிவத்துக்கு வந்தது. எச்டிடிபிஎஸ் சேர்த்த முழு முகவரியையே அதில் கொடுக்கலாம். 25இலிருந்து ஹெல்த், மெட்ரிக்ஸ் இரண்டும் 9000 போர்ட்டுக்குப் போய்விட்டன. பழைய சார்ட் இன்னும் 8080இல் போய் நலமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்; பதில் வராததால் நன்றாக இருக்கும் பாடையே குபர்னெட்டிஸ் கொன்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. ப்ராக்ஸி-ஹெடர்ஸ் வைத்தால், இன்கிரஸ் (வெளிக் கோரிக்கைகளை உள்ளே அனுப்பும் வாயில்) அனுப்பும் ஹெடரைக் கீகிளோக் அப்படியே நம்பும். வெளியிலிருந்து வருபவர் தானே எழுதி அனுப்பும் ஹெடரை உங்கள் இன்கிரஸ் அழித்து மேலெழுதுகிறதா என்று சோதித்துவிட்டு வையுங்கள்.

#9 இட்லி_டெப்லாய்

இதோடு சேர்த்து, இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் என்றால் லாகின் முடிந்த கையோடு 502 வரக்கூடும். கீகிளோக்கின் குக்கீயும் ஹெடரும் கொஞ்சம் பருமன், என்ஜின்எக்ஸின் இயல்பான பஃபர் அதற்குப் போதாது. ப்ராக்ஸி-பஃபர்-சைஸ் அனோட்டேஷனை 128கே ஆக்கினால் சரியாகிவிடும். நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுத்திருக்கிறேன்.

#10 யாம்எல்_அலர்ஜி

எல்லோரும் ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அடிப்படைக் கேள்வியை நான் கேட்கிறேன்: ஏன் ஹெல்ம்? கீகிளோக் திட்டமே ஒரு ஆபரேட்டரை, அதாவது கீகிளோக்கை நிறுவிப் பராமரிக்கும் நிரலைத் தருகிறது. அவர்கள் தரப்பில் அதிகாரப்பூர்வ ஹெல்ம் சார்ட் என்று ஒன்றும் கிடையாது. மூன்றாம் ஆள் எழுதிய சார்ட்டை நம்பி நிறுவனத்தின் வாசற்கதவை மாட்டலாமா? அதுவும் 2025இல் சார்ட்டுகளை வெளியிடும் பிட்னாமி தன் பொது இமேஜ்களின் (பாடில் ஓடும் மென்பொருள் தொகுப்பு) பழைய பதிப்புகளையெல்லாம் லெகசி என்ற தனிக் கிடங்குக்கு நகர்த்திய பிறகும்? அந்தக் கிடங்கில் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது.

#11 இட்லி_டெப்லாய்

ஜி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. ஆனால் எங்கள் இடத்தில் மற்ற எல்லாமே ஹெல்மில் ஓடுகிறது. தானாக நிறுவும் கருவியான ஆர்கோ அதைப் பார்த்துக்கொள்கிறது. கீகிளோக்குக்கு மட்டும் தனியாக ஒரு ஆபரேட்டர், அதற்குத் தனிச் சிஆர்டி (புதுப் பொருள் வகை), அதைப் புதுப்பிக்கத் தனி முறை என்றால் மூன்று பேர் இருக்கும் குழுவில் யார் பார்ப்பது? கோட்சென்ட்ரிக்கின் கீகிளோக்எக்ஸ் சார்ட் நன்றாகவே இருக்கிறது. அது கீகிளோக்கின் சொந்த இமேஜைத்தான் க்வே கிடங்கிலிருந்து எடுக்கிறது. போஸ்ட்கிரஸ் அதோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை, அதைக் குறையாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அதுதான் பிடித்தது.

இமேஜ் பயம் நியாயம். தீர்வு சுலபம். தேவையான இமேஜைச் சொந்தக் கிடங்கில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்ம் 3.8இலிருந்து சார்ட்டையே ஓசிஐ (கன்டெய்னர் இமேஜ்களுக்கான பொதுத் தரம்) கிடங்கில் தள்ளி வைக்கலாம், அதையும் செய்துவிடுங்கள். மறுநாள் வெளியே யார் கடையை மூடினாலும் உங்கள் பாட் எழும்.

#12 யாம்எல்_அலர்ஜி

மூன்று பேர் குழு என்பதாலேயே ஆபரேட்டர் வேண்டும் என்பேன் நான். பதிப்பு மாறும்போது என்னென்ன அமைப்பு மாறுகிறது என்று அதை எழுதியவர்களுக்குத்தான் தெரியும். மேலே 9000 போர்ட் கதையைப் பாருங்கள். ஆபரேட்டரில் அது உங்கள் பிரச்சினையே இல்லை.

#13 மூன்றாம்_ஷிப்ட்

ஆபரேட்டரா ஹெல்மா என்ற பட்டிமன்றத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. இரண்டிலும் கை சுட்டிருக்கிறேன். ஆபரேட்டரும் டேட்டாபேஸைத் தராது, அதை நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். ரியல்ம் இம்போர்ட்டும் அங்கே புதிதாக உருவாக்க மட்டுமே. இருக்கும் ரியல்மைத் திருத்தாது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடம். பயனர்கள் லட்சக்கணக்கில். ஒரு பதிப்பு ஏற்றம், இரவு 11 மணிக்கு. ஹெல்ம் அப்கிரேட்டோடு அட்டாமிக் சேர்த்துக் கொடுத்தேன். தோற்றால் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், நிம்மதி என்று நினைப்பு.

புதுப் பதிப்பு எழும்போது டேட்டாபேஸின் அட்டவணைகளை மாற்றி எழுதும், அது உங்களுக்குத் தெரியும். பெரிய அட்டவணை, நேரம் எடுத்தது. பாட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் சோதனைக்குப் பொறுமை இல்லை, பாடைக் கொன்றது. பாதியில் நின்ற மாற்றத்தைப் போஸ்ட்கிரஸ் திருப்பிவிட்டது. பாட் மறுபடி எழுந்து அதே மாற்றத்தை முதலிலிருந்து தொடங்கியது, மறுபடி கொல்லப்பட்டது. இப்படியே ஓடி, ஹெல்மின் இயல்பான 5 நிமிடக் கெடு முடிந்தது. அட்டாமிக் தன் கடமையைச் செய்தது: பழைய இமேஜைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அதற்குள் சில சின்ன மாற்றங்கள் டேட்டாபேஸில் முழுதாக ஏறி முடிந்திருந்தன. பழைய கீகிளோக்கின் கீழே பாதி புதிய டேட்டாபேஸ். ஹெல்ம் ஹிஸ்டரியில் ரோல்பேக் வெற்றி என்று அழகாக எழுதியிருந்தது!

ஹெல்ம் திருப்பித் தருவது குபர்னெட்டிஸ் பொருள்களை மட்டும்தான். டேட்டாபேஸில் ஏறியது ஏறியதுதான், கீகிளோக்கில் கீழ்ப் பதிப்புக்கு இறங்கும் படிக்கட்டு கிடையாது. அன்று 10.40க்கு எடுத்து வைத்த டம்ப் இல்லையென்றால் இந்தக் கதையை வேறு வேலை தேடும் இழையில் எழுதியிருப்பேன்.

அன்றிலிருந்து என் வழக்கம்: அப்கிரேடுக்கு முன் கீகிளோக்கைப் பூஜ்யம் ரெப்ளிகாவுக்கு (ஓடும் பாடுகளின் எண்ணிக்கை) இறக்கி, டம்ப் எடுத்து, அதைத் தனி நேம்ஸ்பேஸில் (கிளஸ்டருக்குள் பிரித்த தனிப் பகுதி) ஊற்றி அங்கே ஒரு முறை ஏற்றிப் பார்ப்பேன். எவ்வளவு நிமிடம் ஆகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பாட் எழுந்து முடிக்கும்வரை காத்திருக்கும் ஸ்டார்ட்அப் ப்ரோபுக்கு அதைப் போல இரண்டு மடங்கு நேரம் கொடுப்பேன். அட்டாமிக் கிடையவே கிடையாது. லாகையும் முழுக்கப் படியுங்கள். 3 லட்சம் வரிசைக்கு மேல் இருக்கும் அட்டவணையில் கீகிளோக் இண்டெக்ஸைத் தானாகப் போடாது. இந்த எஸ்கியூஎல்லை நீயே பிறகு ஓட்டிக்கொள் என்று லாகில் எழுதிவிட்டுப் போய்விடும். படிக்காமல் விட்டால் இரண்டு வாரம் கழித்து ஏன் லாகின் மெதுவாக இருக்கிறது என்று இங்கே வந்து கேட்பீர்கள்.

#14 பழைய_சர்வர்

10.40 டம்ப் கதையைக் கேட்கும்போது எனக்கே வியர்க்கிறது அம்மா.

#15 நொய்யல்கரை

படித்துவிட்டு முதல் வேலையாகப் போஸ்ட்கிரஸைச் சார்ட்டிலிருந்து பிரித்துவிட்டேன். போஸ்ட்கிரஸுக்கான ஆபரேட்டரான கிளவுட்நேட்டிவ்பிஜி வைத்துத் தனி நேம்ஸ்பேஸில் ஓடுகிறது, டம்ப்பை அங்கே ஊற்றியாயிற்று. கடவுச்சொல் நானே உருவாக்கிய சீக்ரெட்டில் இருக்கிறது, வேல்யூஸில் அந்தச் சீக்ரெட்டின் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன். கன்சோலும் திறந்துவிட்டது, ப்ராக்ஸி-ஹெடர்ஸ்தான்.

இப்போது ரெப்ளிகாவை 2 ஆக்கினேன். இரண்டு தொல்லை. ஒன்று, அவ்வப்போது ஒரு பாட் ஓஓஎம் (மெமரி தீர்ந்துபோதல்) ஆகிச் சாகிறது. மெமரி லிமிட் 512 எம்பி. இரண்டு, லாகின் சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் கோட் செல்லாது என்று செயலி சொல்கிறது. ஏறக்குறையப் பூவா தலையா மாதிரி.

#16 இட்லி_டெப்லாய்

512 போதாது. கன்டெய்னர் லிமிட்டில் 70 சதவீதத்தை ஜாவா ஹீப்புக்கு (ஜாவா தன் தரவை வைக்கும் மெமரி) என்று கீகிளோக் எடுத்துக்கொள்ளும். 512இல் அது 358. மிச்சம் 154தான். ஹீப்புக்கு வெளியே மட்டுமே சுமார் 300 எம்பி வேண்டும் என்று அவர்கள் ஆவணமே சொல்கிறது. ஹீப் நிரம்பத் தொடங்கும்போது கர்னல் வந்து தலையைத் தட்டிவிடும். ஒரு பாடுக்கு அடிப்படைத் தேவை 1250 எம்பி என்பது அவர்கள் கணக்கு. 25இலிருந்து கடவுச்சொல் ஹாஷுக்கு ஆர்கான்2 வேறு, ஒவ்வொரு ஹாஷும் 7 எம்பி கேட்கும். ஒரே நேரத்தில் ஓடும் ஹாஷ்கள் இயல்பாகச் சிபியு கோர் எண்ணிக்கையைத் தாண்டாது என்பது மட்டும்தான் ஆறுதல்.

இன்னொன்று, சொந்த இமேஜில் பில்ட் செய்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டோடு ஆப்டிமைஸ்டு சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பாடும் எழும்போதெல்லாம் பில்டை மறுபடி செய்யும், அதற்கும் மெமரி, அதற்கும் நேரம். டேட்டாபேஸ் வகை, ஹெல்த் இயக்கம் இவையெல்லாம் பில்ட் நேர அமைப்புகள். இமேஜுக்குள்தான் அவற்றை வைக்க வேண்டும், வேல்யூஸில் வைத்தால் காதில் விழாது.

#17 பழைய_சர்வர்

பூவா தலையா என்று சொன்னீர்களே, நோய்க்குறி அதுதான். இரண்டு பாடும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. லாகின் தொடங்கும் கோரிக்கை ஒரு பாடுக்கு, முடிக்கும் கோரிக்கை இன்னொன்றுக்குப் போனால், இரண்டாவதற்கு நீங்கள் யாரென்றே தெரியாது. 26இல் பயனரின் செஷன் டேட்டாபேஸில் எழுதப்படுகிறது, சரி. ஆனால் லாகின் நடந்துகொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தின் விவரம் இன்னும் பாடுகளின் மெமரியில் உள்ள இன்ஃபினிஸ்பான் கேஷில்தான் இருக்கிறது.

லாகில் ஐஎஸ்பிஎன்000094 என்று தேடுங்கள். புதுக் கிளஸ்டர் வியூ என்று வரும் வரியில் அடைப்புக்குறிக்குள் 2 இருக்க வேண்டும். 1 என்றால் தனித் தனித் தீவு. 26.1இலிருந்து பாடுகள் ஒன்றையொன்று டேட்டாபேஸ் வழியாகவே தேடிக்கொள்கின்றன. அதற்கு முந்தைய முறையில் ஹெட்லெஸ் சர்வீஸும் டிஎன்எஸ் கேள்வியும் வேண்டும். சார்ட் இன்னும் அந்தப் பழைய முறையை வைத்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த முறையானாலும் பேசுவது 7800 போர்ட்டில். நெட்வொர்க் பாலிசி (பாடுகளுக்கு இடையிலான தொடர்பைக் கட்டுப்படுத்தும் விதி) அதை அடைத்திருந்தால், கண்டுபிடித்தும் கைகுலுக்க முடியாது.

#18 நொய்யல்கரை

வியூவில் 1தான் இருந்தது! நெட்வொர்க் பாலிசிதான் காரணம். எங்கள் பாதுகாப்புக் குழு எல்லா நேம்ஸ்பேஸிலும் இயல்பாக எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறது. 7800ஐ அந்தப் பாடுகளுக்கு இடையில் மட்டும் திறந்தேன், இப்போது 2. 20 தடவை உள்ளே வெளியே போய்ப் பார்த்தேன், எல்லாம் சரி. மெமரி 1500 எம்பி.

கடைசிச் சந்தேகம், இனி தொல்லை தரமாட்டேன். வேல்யூஸில் அட்மின் கடவுச்சொல்லை மாற்றி அப்கிரேட் கொடுத்தேன். பழையதுதான் இன்னும் வேலை செய்கிறது. புதியது ஏறவில்லை.

#19 மூன்றாம்_ஷிப்ட்

ஏறாது. போஸ்ட்கிரஸ் செய்த அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. அந்த மாறியைக் கீகிளோக் பார்ப்பது அட்மின்கள் இருக்கும் மாஸ்டர் ரியல்மே இல்லாத முதல் எழுச்சியில் மட்டும். 26இல் மாறியின் பெயரிலேயே பூட்ஸ்ட்ராப் என்று சேர்த்துவிட்டார்கள், அப்படியும் யாரும் கவனிப்பதில்லை. கன்சோலுக்குள் போய் உங்களுக்கென்று ஒரு நிரந்தர அட்மினை உருவாக்கி, இரண்டடுக்குச் சரிபார்ப்பு வைத்து, அந்தப் பூட்ஸ்ட்ராப் ஆளை அழித்துவிடுங்கள். என்றாவது எல்லா அட்மினும் பூட்டிக்கொண்டால், பூட்ஸ்ட்ராப்-அட்மின் என்ற கட்டளையே 26இல் இருக்கிறது, அதை வைத்து உள்ளே வரலாம்.

#20 யாம்எல்_அலர்ஜி

ஆபரேட்டரில் இதற்கும்...

#21 இட்லி_டெப்லாய்

ஜி, போதும் ஜி.

#22 நொய்யல்கரை

ஓ, அதனால்தானா கன்சோலின் மேலே தற்காலிக அட்மினாக உள்ளே இருக்கிறீர்கள் என்று ஒரு பட்டை நின்றுகொண்டே இருக்கிறது! நேற்று மேலாளர் வந்து அது என்ன என்று கேட்டார். இலவசப் பதிப்பு என்றால் அப்படித்தான் சார் வரும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இன்று அதை அழித்துவிட்டு, பட்டை எங்கே போயிற்று என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்றும் யோசிக்க வேண்டும்.